கை சும்மா இருக்க வேண்டிய பாட்டு: ஒரு ஹால் – ஓட்ஸ் பாடல் இரவின் நிகழ்வு ஆய்வு

டேரில் ஹால், ஜான் ஓட்ஸ் என்ற அமெரிக்கப் பாப் இரட்டையரின் பாடல்களை வைத்து, 2023 அக்டோபரிலும் 2024 பிப்ரவரியிலும் ஒரே குழு, ஒரே அரங்கில் நடத்திய இரண்டு நிகழ்ச்சிகளின் பதிவு இது. முதல் நிகழ்ச்சி சொதப்பியது. இரண்டாவது பெருமளவு தேறியது. குழுவின் பெயரும் அரங்கின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன. பிறர் பாடல்களை மேடையில் வாசிக்கும் குழுக்களுக்கும் ஒலிப்பொறுப்பாளர்களுக்கும் பயன்படும் அளவுக்கு விவரங்கள் தரப்பட்டுள்ளன.

பின்னணி

பென்சில்வேனியாவின் தென்கிழக்கில், பிலடெல்பியாவுக்கு முக்கால் மணி நேர ஓட்டத்தில் உள்ள சிற்றூர். குழுவில் ஒன்பது பேர்: முதன்மைப் பாடகர், கிதாரோடு இரண்டாம் குரலும் பாடுபவர், இன்னொரு கிதார், பேஸ், டிரம்ஸ், பெர்கஷனும் சாம்பிள் பேடும் (பதிவுசெய்த ஒலிகளைத் தட்டி எழுப்பும் பலகை) பார்த்துக்கொள்பவர், கீபோர்டு இருவர், டெனர் சாக்ஸபோன். கல்யாண வரவேற்பு, கம்பெனி விழா என்று கலந்துகட்டி வாசித்துப் பழகியவர்கள். ஒரே கலைஞர்களின் பாடல்களை மட்டும் எடுத்து டிக்கெட் போட்டு நடத்தியது அதுதான் முதல் தடவை.

டேரில் ஹால், ஜான் ஓட்ஸ் இருவரையும் தேர்ந்தெடுத்ததில் ஊர்ப்பாசம் உண்டு. ஹால் பிறந்த பாட்ஸ்டவுன், ஓட்ஸ் வளர்ந்த நார்த் வேல்ஸ் இரண்டும் அந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. இருவரும் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். 1967-ல் பிலடெல்பியாவின் அடெல்ஃபி பால்ரூமில் இருவருடைய குழுக்களும் மேடையேறக் காத்திருந்தன. கூட்டத்தில் கைகலப்பு முற்றித் துப்பாக்கிச் சத்தம் கேட்க, ஆளுக்கொரு பக்கம் ஓடிவந்து ஏறிய லிஃப்டில்தான் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை எண்களிலேயே சொல்லலாம். 1977-ல் 'ரிச் கேர்ள்' தொடங்கி 1984-ல் 'அவுட் ஆஃப் டச்' வரை அமெரிக்காவின் பில்போர்டு பிரபலப் பாடல் பட்டியலில் ஆறு முதலிடங்கள். 1984-ல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் இவர்களை அதுவரையில் அதிகம் விற்ற இருவர் குழு என்று அறிவித்தது. இத்தனைக்கும் புகழ்பெற்ற இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இவர்களைச் சேர்த்துக்கொண்டது 2014-ல். தகுதி பெற, முதல் இசைத்தட்டு வந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தால் போதும் என்பது விதி. முதல் ஆல்பம் 1972-ல் வந்தது. அந்தக் கணக்கில் பதினேழு ஆண்டு தாமதம்.

தாமதத்துக்குப் பலரும் சொல்லும் காரணங்கள் ஓட்ஸின் மீசையும் எண்பதுகளின் வீடியோக்களும். இந்த நிகழ்வு இன்னொரு காரணத்தைக் காட்டுகிறது. இந்தப் பாடல்கள் கேட்க எளிமையாக இருக்கின்றன. அதனால் வாசிக்கவும் எளிமை என்று நினைத்துவிடுகிறோம். முதல் நிகழ்ச்சியில் குழு நினைத்ததும் அதுவே. பதினெட்டுப் பாடல்களுக்கு மூன்றே ஒத்திகை வைத்தார்கள்.

முதல் நிகழ்ச்சியில் காணப்பட்டவை

320 இருக்கை அரங்கம், மேடைக்கு முன்னால் ஆடுவதற்கு இடம். மேடை விளிம்பிலிருந்து பின்சுவர் வரை 18 மீட்டர். 32 சேனல் டிஜிட்டல் மிக்சரிலிருந்து ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பதிவாயிற்று. அந்தப் பதிவு இருந்திராவிட்டால் பின்னால் வரும் எந்தக் கண்டுபிடிப்பும் சாத்தியமில்லை. ஞாபகத்தை வைத்துக்கொண்டு ஒன்பது பேரும் ஒன்பது காரணம் சொல்லியிருப்பார்கள்.

முதல் பத்து நிமிடம் ஆடும் இடம் நிறைந்திருந்தது. நான்காவது பாடல் 'ஐ கான்ட் கோ ஃபார் தட்'. டிரம் பெட்டியின் (தாளத்தைத் தானே வாசிக்கும் மின்னணுக் கருவியின்) தாளம் தனியாகத் தொடங்கியதும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள்தான் முதலில் எழுந்தார்கள். 1989-ல் டி லா சோல் என்ற ஹிப் ஹாப் குழு இந்தப் பாட்டை சாம்பிள் செய்த (ஒரு துண்டை எடுத்துத் தன் பாட்டில் சேர்த்த) காலத்தில் அவர்கள் பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்தத் தாளம் ஹிப் ஹாப் வழியாகக் கைமாறி வந்து அவர்கள் காதில் உட்கார்ந்திருக்கிறது. எட்டாவது பாரில் (தாளச் சுற்றில்) முழுக் குழுவும் சேர்ந்துகொண்டது. முதல் சரணம் முடிவதற்குள் பாதிப் பேர் இருக்கைக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஓட்ஸாக நின்ற இரண்டாம் குரல்காரருக்கு ஒட்டுமீசை, ஹாலாக நின்றவருக்குப் பொன்னிற விக். 'சாரா ஸ்மைல்' நடுவில் மீசையின் இடது ஓரம் பிரிந்து மைக்கின் வலையில் ஒட்டிக்கொண்டது. அரங்கம் சிரித்தது. அது மென்மையான பாட்டு. அதற்குப் பிறகு அது எழவே இல்லை.

பதினான்காம் பாடலில் முதன்மைப் பாடகரின் மேல் குரல் போய்விட்டது. கடைசி நான்கு பாடல்களையும் கோரஸ்காரர்களும் ரசிகர்களும்தான் பாடி முடித்தார்கள்.

இடைவேளையில் முதியவர் ஒருவர் ஒலிப்பொறுப்பாளரிடம் வந்து, "எல்லாம் எம்டிவிப் பாட்டாகவே இருக்கிறதே, பிலடெல்பியாப் பாட்டு எப்போது வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். எண்பதுகளின் வீடியோப் பாடல்கள் போதும், எழுபதுகளின் பழைய பாடல்கள் வேண்டும் என்பது அவர் கருத்து. குழு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் பார்த்தால் அன்றைய கருத்துகளிலேயே சரியானது அதுதான்.

பதிவைப் பிரித்துப் பார்த்தபோது

தாளத்திலிருந்து தொடங்கலாம். 1981-ல் வந்த அந்தப் பாட்டின் முதுகெலும்பு ரோலண்ட் சிஆர்-78 என்ற டிரம் பெட்டி. 1978-ல் வந்த அந்தப் பெட்டியிலேயே தயாராக இருந்த 'ராக் 1' தாளத்தைத்தான் ஹால் ஓடவிட்டார். நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில் அன்றைய வேலை முடிந்த நேரத்தில் அந்தத் தாளத்தின் மேல் ஆர்கனில் ஒரு பேஸ் வரியைத் தட்டிப் பார்த்தவர், பதிவுப் பொறியாளர் நீல் கெர்ணனிடம் டேப்பை ஓட்டச் சொன்னார். ஓட்ஸ் கிதாருடன் சேர்ந்துகொண்டார். பாட்டின் எலும்பு அவ்வளவுதான்: பெட்டி, ஆர்கன் பேஸ், ஒரு வெட்டுக் கிதார், நடுவில் நிறைய வெற்றிடம். இது பாப் பட்டியலில் மட்டுமல்லாமல் ஆர் அண்ட் பி (கறுப்பினத்தவரின் இசைக்கான) பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. வெள்ளைக்காரர்களின் பாட்டு அங்கே முதலிடத்துக்கு வருவது அபூர்வம். இந்தப் பேஸ் வரியைத் தான் எடுத்துக்கொண்டதாக மைக்கேல் ஜாக்சன் தன்னிடம் சொன்னார் என்று ஹால் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

குழு வாசித்ததோ வேறு. சாம்பிள் பேடில் பெட்டியின் தாளம், அதன் மேல் முழு டிரம் செட், பேஸ் கிதார், ஆர்கன் பேஸ், கீபோர்டு இருவரும் இடது கையில் கார்டு, கிதார் இரண்டும் இடைவிடாத ஸ்ட்ரம்மிங். பெட்டியின் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் ஒலி) டிரம் செட்டின் கிக்கும் 25 முதல் 40 மில்லி வினாடி வரை விலகி விழுந்தன. இப்படிப்பட்ட குத்தொலியில் ஏறத்தாழ 20 மில்லி வினாடியைத் தாண்டினாலே காது அதை ஒரே அடியாக எடுத்துக்கொள்ளாது. இரண்டு அடியாகக் கேட்கும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கால் குழம்பும். இளைஞர்கள் உட்கார்ந்தது அதனால்தான். விலகலுக்குக் காரணம் டிரம்மரின் திறமைக்குறைவு அல்ல. அவருக்குக் காதில் க்ளிக் (வேகத்தைக் காட்டும் டிக்-டிக் ஒலி) இல்லை. தரையில் இருந்த மானிட்டரில் (வாசிப்பவருக்கே ஒலியைத் தரும் ஸ்பீக்கரில்) பெட்டியின் தாளம் கிதார் சத்தத்தில் மூழ்கிவிட்டது. கேட்காத ஒன்றோடு யாரும் ஒட்டி வாசிக்க முடியாது.

அடுத்தது ஒலி நெரிசல். பேஸ், ஆர்கனின் இடது கை, பியானோவின் இடது கை, கிதாரின் தடித்த தந்திகள் எல்லாம் 150 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்திலேயே முண்டியடித்தன. ஒலிப்பொறுப்பாளர் ஈக்யூவில் (ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதியில்) அந்தப் பகுதியைக் குறைத்துப் பார்த்தார்; ஒலி மெலிந்ததே தவிரத் தெளியவில்லை. நெரிசல் வாசிப்பிலேயே இருக்கும்போது மிக்சரால் ஆகக்கூடியது கொஞ்சம்.

மூன்றாவது, இரண்டாம் குரல். பதிவில் அது முதல் குரலைவிடச் சராசரி 8 டெசிபல் கீழே கிடந்தது. 'ஓட்ஸ் என்ன செய்தார், பக்கத்தில் நின்றார்' என்ற பழைய கேலியை மிக்சரே நம்பியதுபோல. 'ஷீஸ் கான்' பாட்டின் சரணத்தைக் கேட்டால் இருவரும் ஒரே மெட்டை ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்ந்து பாடுவது தெரியும்: ஓட்ஸ் கீழே, ஹால் மேலே. கீழ்க்குரலை எடுத்துவிட்டால் எஞ்சுவது மெல்லிய புலம்பல். ஆறு முதலிடப் பாடல்களில் 'ஐ கான்ட் கோ ஃபார் தட்', 'மேன்ஈட்டர்', 'அவுட் ஆஃப் டச்' மூன்றிலும் ஓட்ஸ் இணைந்து எழுதியவர். மற்ற மூன்றில் அவர் பெயர் இல்லை. சரிபாதி. அலட்சியப்படுத்தத்தக்க பாதி அல்ல.

டெம்போவும் (பாட்டின் வேகமும்) ஓடிவிட்டது. 'யூ மேக் மை ட்ரீம்ஸ்' இசைத்தட்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 167 அடி. மேடையில் 178 வரை போனது. ஷஃபிள் என்ற துள்ளல் தாளத்தில் அந்த வேகத்துக்குப் போனால் துள்ளல் தட்டையாகி அணிவகுப்புபோல ஆகிவிடும். 'மேன்ஈட்டர்' 89-க்குப் பதில் 94. இதில் வேறொரு சேதமும் நடந்தது. அந்தப் பாட்டின் சாக்ஸபோன் தனிக்குத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் எதிரொலி வேண்டும். 89 டெம்போவில் ஓர் அடிக்கு 674 மில்லி வினாடி, அரையடிக்கு 337, முக்கால் அடிக்கு 506. ஒலிப்பொறுப்பாளர் டிலேயை (எதிரொலியின் இடைவெளியை) காதால் கேட்டு 600-இல் வைத்திருந்தார். எந்தக் கணக்கிலும் சேராத எண் அது; ஒவ்வொரு எதிரொலியும் தாளத்துக்கு வெளியே போய் விழுந்தது. சாக்ஸ் வாசித்தவர் தன் தவறென்று நினைத்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

குரல் போனதற்குக் காரணம் பாடல் வரிசை. ஒன்பதிலிருந்து பதினான்கு வரை ஆறு பாடல்கள் அடுத்தடுத்து மேல் ஸ்தாயியில். எல்லாம் மூலச் சுருதியில்.

இடையில் வந்த செய்தி

இரண்டாவது நிகழ்ச்சிக்குத் திட்டமிட்டுக்கொண்டிருந்தபோது, 2023 நவம்பரில், ஹால் ஓட்ஸ்மீது நாஷ்வில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த செய்தி வந்தது. இருவருக்கும் பொதுவான நிறுவனத்தில் தன் பங்கைப் பிரைமரி வேவ் என்ற இசை உரிமை நிறுவனத்துக்கு விற்க ஓட்ஸ் முனைந்தார். அதைத் தடுக்கவே வழக்கு. நீதிபதி தற்காலிகத் தடை விதித்து, மாத இறுதியில் அதை நீட்டித்தார். அதற்கு முந்தைய ஆண்டே ஒரு பாட்காஸ்ட் பேட்டியில், ஓட்ஸ் தனக்குத் தொழில் கூட்டாளிதான், படைப்புக் கூட்டாளி அல்ல என்று ஹால் சொல்லியிருந்தார்.

குழுவின் அறிவிப்பாளர் உரையோ 'ஐம்பதாண்டு இணைபிரியா நட்பு' என்று தொடங்கியது. அதை அப்படியே படித்தால் கேலிக்கு ஆளாகும். வழக்கைச் சொல்லி வம்பு பேசுவதும் சரியில்லை. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தில் பக்கம் சாய வேண்டிவரும். எனவே உரையில் நட்பு, பகை இரண்டும் நீக்கப்பட்டன. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்தக் குரல் யாருடையது என்று இரண்டு வரி மட்டும்.

சுவரொட்டியில் இரண்டு திருத்தம். அவர்களுடைய ஆல்பங்களில் பெயர் 'டேரில் ஹால் அண்ட் ஜான் ஓட்ஸ்' என்றுதான் இருக்கும். 'ஹால் அண்ட் ஓட்ஸ்' ஊர் வைத்த சுருக்கம். முழுப் பெயர் போடப்பட்டது. 'ப்ளூ-ஐட் சோல்' என்ற சொல்லும் நீக்கப்பட்டது. கறுப்பினத்தவரின் சோல் இசையைப் பாடும் வெள்ளைக்காரர்களுக்கு அறுபதுகளில் ஒட்டிய பெயர் அது. ஹாலுக்கு அந்தச் சொல் பிடிக்காது. சோலுக்குக் கண் நிறம் எதற்கு என்பது அவர் கட்சி. விக்கும் மீசையும் அதே கூட்டத்தில் கைவிடப்பட்டன. மீசை மைக்கில் ஒட்டிய கதையை ஒருவர் எடுத்ததுமே விவாதம் முடிந்துவிட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒத்திகை ஏழாக உயர்ந்தது. முதல் இரண்டில் யாரும் பாடவில்லை. தாளமும் பேஸும் மட்டும்.

சிஆர்-78 பெட்டி ஒன்று இரவல் கிடைத்தது. அதை நேரே மேடைக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவாயிற்று. மிடி (மின்னணு வாத்தியங்களை இணைத்து இயக்கும் முறை) வருவதற்கு முந்தைய பெட்டி அது. டெம்போ வெறும் திருகு, எண் காட்டாது. அதன் 'ராக் 1' தாளத்தை நான்கு பார் நீளத்துக்குப் பதிவு செய்து, 110 டெம்போவுக்குச் சரியாக வெட்டி, சாம்பிளரில் ஏற்றினார்கள். இடது பக்கம் தாளம், வலது பக்கம் க்ளிக். இடது அரங்கத்துக்கு, வலது டிரம்மர், பெர்கஷன்காரர் இருவருடைய காதுக்கு மட்டும். எல்லோருக்கும் க்ளிக் கொடுத்தால் ஒவ்வொருவரும் க்ளிக்கைத்தான் கேட்பார்கள், அடுத்தவரைக் கேட்கமாட்டார்கள்.

டிரம்மரிடம் முதல் சரணம் முழுவதும் கை வைக்க வேண்டாம் என்று சொன்னபோது அவர் ஒப்பவில்லை. நியாயமான வருத்தம்தான், நிறைந்த அரங்கில் ஒரு நிமிடம் கை மடக்கி உட்காருவது வாசிப்பதைவிடக் கஷ்டம். அவர் வாசித்தும் வாசிக்காமலும் இரண்டு பதிவெடுத்து, எது எது என்று சொல்லாமல் குழுவுக்குப் போட்டுக் காட்டினார்கள். வாசிக்காத பதிவை முதலில் தேர்ந்தெடுத்தவர் அவரே. இறுதி ஏற்பாடு இப்படி: முதல் சரணத்தில் டிரம் செட் இல்லை, முதல் பல்லவியில் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் கூர்மையான ஒலியுள்ள டிரம்) மட்டும், கிக் பாட்டு முழுவதும் கிடையாது, பெட்டியின் கிக்கே போதும். கிக் ஒன்றே என்றால் விலகல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கீபோர்டுக்கு ஒரு விதி: பேஸ் கிதார் ஓடும்போது நடு 'சி'க்குக் கீழே இருவருமே இடது கை வைக்கக் கூடாது. 'ஐ கான்ட் கோ' பாட்டில் தலைகீழ்: ஆர்கன்காரர் இடது கையில் பேஸ் வரி, பேஸ் கிதார்காரர் ஓய்வு. கிதார் இருவரில் ஒருவர் மட்டும், அடித்தந்திகளைத் தொடாமல், உள்ளங்கையால் மடக்கிய வெட்டு. மற்றவர் அந்தப் பாட்டில் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டாம் குரல் மட்டும் பாடினார்.

சுருதியில் 'மேன்ஈட்டர்' ஒரு கட்டை இறங்கியது: பி மைனரிலிருந்து ஏ மைனர், நம் கணக்கில் ஏழு கட்டையிலிருந்து ஆறு. பாடகருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. டெனர் சாக்ஸுக்கும் ஆதாயம். எழுதும் சுருதி சி ஷார்ப் மைனரிலிருந்து பி மைனராகி, நான்கு ஷார்ப் இரண்டாகக் குறைந்தது. பேஸுக்கு மட்டும் ஒரு பொறி உண்டு. ஏ மைனரில் மூலஸ்வரம் திறந்த தந்தியாகவே கிடைப்பதால் கை தானாக அங்கே போகும். மோடவுன் (கறுப்பினத்தவரின் சோல் இசை நிறுவனம்) பாணியில் துள்ளும் அந்த வரிக்கு ஒவ்வொரு ஸ்வரமும் குட்டையாக வெட்டப்பட வேண்டும். திறந்த தந்தி அதிர்ந்துகொண்டே இருக்கும். எனவே ஈ தந்தியின் ஐந்தாம் கட்டத்திலேயே ஏ-வைப் பிடிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒத்திகையில் அதிக நேரம் தின்ற மாற்றம் இதுதான், பழக்கதோஷம்.

டிலேயில் காதுக்கணக்கு ஒழிந்தது. 'மேன்ஈட்டர்' 89 டெம்போ, 506 மில்லி வினாடி, மூன்று எதிரொலி, ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி அளவு. டிரம்மருக்கு அந்தப் பாட்டில் முழுக்க க்ளிக். டெம்போ நழுவினால் எதிரொலியும் கெடும் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே பூட்ட வேண்டும்.

'பிரைவேட் ஐஸ்' பல்லவியில் முதலில் ஒரு கைதட்டு, அடுத்த வரியில் இரண்டு. முதல் நிகழ்ச்சியில் அதைப் பேடில் வைத்திருந்தார்கள். ரசிகர்கள் தாமாகவே தட்டினார்கள். 18 மீட்டர் தள்ளியிருப்பவருக்கு மேடை ஒலி போய்ச்சேரவே 50 மில்லி வினாடிக்கு மேல் ஆகும், அவர் தட்டு மேடைக்குத் திரும்ப இன்னொரு 50. பேடின் கூர்மையான தட்டோடு இது சேர்ந்தால் சிதறல். பேட் தட்டு நீக்கப்பட்டு, தட்டுவது ரசிகர்களிடமே விடப்பட்டது. கூட்டத்தின் தட்டு பரவலாக வருவது உறுத்தாது. கூரான தட்டு ஒன்று முன்னால் விழும்போதுதான் மற்றவை தாமதமாகத் தெரிகின்றன.

பாடல் வரிசையை முதியவரின் கேள்வியே மாற்றியது. முதலிடப் பாடல்கள் ஆறும் இருந்தன. எண்பதுகளின் மற்றச் சில பாடல்கள் விலகி, எழுபதுகளின் பாடல்கள் வந்தன. 1973-ல் அரிஃப் மார்டின் தயாரித்த ஆல்பத்தில் இருக்கும் 'ஷீஸ் கான்' சேர்ந்தது. தனித்தட்டாக 1974-ல் 60-ஆம் இடத்தோடு நின்ற பாட்டு அது; அதே ஆண்டு டவாரெஸ் குழு பாடி ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம் கொண்டுபோனது. 'சாரா ஸ்மைல்' ஓடிய பிறகு 1976-ல் மூலப் பதிவை மீண்டும் வெளியிட, ஏழாம் இடம். ஓட்ஸ் முன்னணிக் குரலாகப் பாடிய 'லாஸ் வேகாஸ் டர்ன்அரவுண்ட்', 'ஹவ் டஸ் இட் ஃபீல் டு பி பேக்' இரண்டும் சேர்ந்தன. இதில் வரலாற்று நியாயத்தோடு தொண்டை நியாயமும் இருந்தது: மேல் ஸ்தாயிப் பாடல் இரண்டு முடிந்ததும் இரண்டாம் குரல்காரர் ஒரு பாட்டை எடுத்துக்கொள்ள, முதன்மைப் பாடகருக்கு நான்கு நிமிட ஓய்வு. மிக்சரில் இரண்டாம் குரல் முதல் குரலைவிட 3 டெசிபல் மட்டும் கீழே. 'ஷீஸ் கான்' சரணத்தில் இரண்டும் சமம்.

இரண்டாவது நிகழ்ச்சி

ஒலிச்சோதனையிலேயே ஒரு கண்டம். 'ஐ கான்ட் கோ' தொடங்கியபோது எல்லாம் ஒட்டித்தான் இருந்தது, ஆனால் ஆர்கன்காரரின் இடது கை களைத்தது. 'ஒத்திகையில் இப்படி ஓடவில்லையே' என்றார். பெட்டியின் ஹை-ஹாட்டும் (சிம்பல் ஒலி) கொஞ்சம் கீச்சென்று கேட்டது. தாளக் கோப்பு 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து சேமிப்பது என்ற கணக்கில்) வெட்டப்பட்டது. மேடைக்காகப் புதிதாக வாங்கிய சாம்பிளர் 48-இல் ஓடியது, தானாக மாற்றிக்கொள்ளும் வகையும் அல்ல. விளைவு, 110 டெம்போ ஏறத்தாழ 120 ஆகி, ஒலியும் ஒன்றரை அரைஸ்வரம் ஏறிவிட்டது. க்ளிக்கும் அதே கோப்பில் இருந்ததால் டிரம்மருக்குச் சந்தேகமே வரவில்லை. அவர் க்ளிக்கோடு சரியாகவே இருந்தார். எல்லாரும் சேர்ந்து தவறாகப் போகும்போது கண்டுபிடிப்பது கடினம். கோப்பை 48-க்கு மாற்றி ஏற்ற கால் மணி நேரம் போதுமாயிருந்தது. மேடையில் தெரிந்திருந்தால் வழியே இல்லை.

நிகழ்ச்சியில் அந்தப் பாட்டுக்கு எழுந்தவர்கள் முடியும்வரை உட்காரவில்லை. டிரம்மர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஸ்னேர் வந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு கூவல். அவ்வளவு நேரம் வராமல் இருந்ததால் கிடைத்த கூவல் அது. பின்னர் பதிவைப் பார்த்ததில் ஸ்னேர் பெட்டியின் தாளத்திலிருந்து 12 மில்லி வினாடிக்கு மேல் எங்கும் விலகவில்லை.

'ஷீஸ் கான்' எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. ஆட்டம் நின்றது, அரங்கம் அமைதியாயிற்று. இறுதியில் சுருதி படிப்படியாக ஏறும் இடத்தில் முதன்மைப் பாடகரிடம் இன்னும் குரல் மிச்சமிருந்தது. பாடல் வரிசையை மாற்றியதன் பலன் அங்கேதான் தெரிந்தது.

சரியாக வராதவையும் இருந்தன. 'லாஸ் வேகாஸ் டர்ன்அரவுண்ட்' ஓடியபோது பாதிப் பேர் பானம் வாங்கப் போய்விட்டார்கள். தெரியாத பாட்டு, அதுவும் இரண்டு ஆட்டப் பாடல்களுக்கு நடுவில். 'யூ மேக் மை ட்ரீம்ஸ்' க்ளிக் இல்லாமல் 172-க்கு ஏறியது. டிலே எண் சரியாக இருந்தும், சாக்ஸ்காரர் எதிரொலிக்கு இடம் விடாமல் வாசித்ததால் தனியின் பின்பாதி நெரிந்தது. அவருக்குத் தன் எதிரொலி மானிட்டரில் வரவில்லை. கேட்டால்தானே இடம் விடமுடியும்.

பதிவை வெளியிடும் பேச்சு

நேரடி வாசிப்புக்கு அரங்கமே, பாட்டெழுதியவர்களுக்காக உரிமத்தொகை வசூலிக்கும் ஆஸ்காப், பிஎம்ஐ அமைப்புகளிடம் மொத்த உரிமம் வைத்திருந்ததால் குழுவுக்குத் தனி அனுமதி தேவைப்படவில்லை. ஒலிப்பதிவை வெளியிட வேறு கணக்கு. அமெரிக்கச் சட்டத்தில், ஏற்கெனவே வெளிவந்த பாட்டை மீண்டும் பாடிப் பதிவிட கட்டாய உரிமம் உண்டு. விலை சட்டமே நிர்ணயிக்கும். 2024-ல் ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டுக்குப் பிரதி ஒன்றுக்கு 12.4 சென்ட். மூன்று பாட்டு, இருநூறு குறுந்தகடு என்று கணக்கிட்டால் 74 டாலர் 40 சென்ட். தாங்கக்கூடியது.

வீடியோ அப்படியல்ல. படத்தோடு பாட்டைச் சேர்க்கும் உரிமத்துக்குச் சட்ட விலை கிடையாது. பாட்டின் பதிப்புரிமையாளர் ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும், அவர் மறுக்கலாம். குழுவினர் முழு நிகழ்ச்சியையும் மூன்று கேமராவில் எடுத்து வைத்துவிட்டு, பிறகே இதை விசாரித்தார்கள். மூன்று பாட்டின் ஒலிப்பதிவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

சாம்பிளர், மிக்சர், கோப்பு மூன்றும் 48 கிலோஹெர்ட்ஸ் என்பது ஒத்திகைக் கூடத்திலேயே சரிபார்க்கப்பட வேண்டும். மேடைக்குப் போகும் அதே கருவியை வைத்துக் கடைசி இரண்டு ஒத்திகையாவது நடக்க வேண்டும்.

'யூ மேக் மை ட்ரீம்ஸ்' பாட்டுக்கு க்ளிக் கொடுப்பதில் குழுவுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு. ஷஃபிளை க்ளிக்கில் பூட்டினால் விறைக்கும் என்பது டிரம்மரின் வாதம், அதில் உண்மையும் இருக்கிறது. எட்டு பார் க்ளிக் கேட்டுத் தொடங்கி, பிறகு அணைத்துவிடுவது சமரசம், இன்னும் சோதிக்கப்படவில்லை.

சாக்ஸ்காரருக்குத் தனி மானிட்டர், அதில் டிலே சேர்த்து. ஓட்ஸ் பாடலை ஆட்டங்களுக்கு நடுவில் வைக்காமல், மக்கள் எப்படியும் உட்கார்ந்திருக்கும் 'ஷீஸ் கான்' பக்கத்தில் வைப்பது. இரண்டும் 1973-ன் அதே ஆல்பத்துப் பாடல்கள் என்பதால் அறிவிப்பாளருக்கும் ஒரே அறிமுகம் போதும்.

டிரம்மரின் பாட்டுக்குறிப்புத் தாளில் அந்த முதல் சரணத்துக்கு எதிரே இப்போது எதுவும் எழுதப்படவில்லை. வெற்றுக் கட்டங்களின் மேல் பென்சிலால் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார்.